பீரங்கிக் காசும் சதுரக் காசும்

வாசகர் கேள்விகளுக்கு, நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பகுதியாசிரியர் பினாங்கிலிருந்து பதில் எழுதுகிறார்.

சென்ற மாதம் எல்லைக்குறி தொலைந்துபோன ஒரு நிலத்தைப் பற்றி எழுதினேன். மண்ணில் புதைந்த இரும்புக் குழாய்களைத் தேட என்னிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தேன். நிலத் தகராற்றைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்தன. அந்த ஒரு வரியைப் பற்றி ஒரு கட்டு வந்துவிட்டது. எனவே இம்மாதம் முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறேன். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசை காட்டுவதற்காக, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிச் சுட்டார் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றாவது கிடைக்காதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாடாங் கோத்தா திடலுக்குப் போனேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, காவலர் வந்து கிளம்பச் சொல்லிவிட்டார். பினாங்கில் சட்டப்படி எங்கேதான் தேடலாம்?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: தம்பி, அந்தக் காவலர் உங்களுக்கு நன்மைதான் செய்திருக்கிறார். ஒரு குழி தோண்டிய பிறகு அவர் வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109 ஹெக்டருக்குச் சற்று மேல். அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். கோர்ன்வாலிஸ் கோட்டையும் அதையொட்டி நீங்கள் போன திடலும் மையத்துக்குள் இருக்கின்றன. கோட்டையைச் சுற்றியிருந்த அகழியை 1920களில் மலேரியாவுக்குப் பயந்து மூடினார்கள். அதைத் திரும்பத் திறக்கும் வேலை வந்தபோது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் வந்து, மண்ணை அடுக்கடுக்காக எடுத்துப் படம் வரைந்து குறித்துக்கொண்டார்கள். அவர்களே அப்படித் தொடுகிற மண்ணில் நீங்களும் நானும் கைக்கரண்டியோடு இறங்க முடியாது.

பீரங்கிக் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லைட் இங்கே வந்து இறங்கியது 1786இல். கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காசைச் சுட்டதே ஆட்கள் அதைத் தேடிக் காட்டை வெட்டுவதற்காகத்தானே? வெட்டியவர்கள் காசை எடுக்காமலா போயிருப்பார்கள்? அதற்குப் பிறகு அந்தத் திடலில் எத்தனை முறை மண் கொட்டிச் சமன் செய்திருப்பார்கள்! அந்தக் காசுகளை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள்.

இனிச் சட்டம். நீங்கள் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டியது 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம். பழைய தொல்பொருள் சட்டம், புதையல் சட்டம் இரண்டின் இடத்துக்கும் இது ஒன்றாக வந்தது. இதில் உங்களைத் தொடுபவை மூன்று. பழம்பொருளைக் கண்டெடுக்கும் நோக்கத்தோடு அகழ்வதற்கு உரிமம் வேண்டும். பாரம்பரிய மதிப்புள்ளது என்று நம்பத்தக்க பொருள் தற்செயலாகக் கிடைத்தாலும் உடனே பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். மண்ணிலோ ஆற்றுப்படுகையிலோ கடலடியிலோ மறைந்து கிடந்து, உரிமையாளர் யாரென்று தெரியாத பொன், வெள்ளி, காசு, நகை ஆகியவை புதையல் என்ற கணக்கில் சேரும். அதையும் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் சொந்தம் என்பதால் புதையலும் சொந்தமாகிவிடாது. வீட்டுக் கொல்லையில் கிடைத்தாலும் இதே விதிதான்.

அடுத்தது நிலம். என் 31 ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: பினாங்கில் ஆள் இல்லாத இடம் உண்டு, சொந்தக்காரர் இல்லாத இடம் கிடையாது. தனியார் பெயரில் கெரான் (நில உரிமைப் பத்திரம்) இல்லாத நிலம் என்றால் அது மாநில அரசின் நிலம். புதர் மண்டிக் கிடக்கிறது, வேலி இல்லை, கேட்க நாதி இல்லை என்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே "எங்கே போகலாம்" என்ற உங்கள் கேள்வியை "யாரைக் கேட்கலாம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றியதும் பினாங்கு பெரிதாகிவிடுகிறது.

சொந்த வீட்டு முற்றத்தில் ஆரம்பியுங்கள். அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் கம்பத்து வீடு உள்ள மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். பாலேக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் நண்பரின் அப்பாவைப் போய்ப் பாருங்கள். டுரியான் விழும் காலத்தில் மட்டும் போகாதீர்கள், அப்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது, மரத்தடியில் நிற்பதும் ஆபத்து. ஒன்று கவனியுங்கள். கெரானில் நான்கு அண்ணன் தம்பிகளின் பெயர் இருந்தால் நான்கு பேரின் சம்மதமும் வேண்டும். மூத்தவர் தலையாட்டிவிட்டார் என்று இறங்கி, மூன்றாமவர் பாராங் கத்தியோடு வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், லோட் எண்ணையும் (நிலத்தின் எண்) முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் கொண்டுபோய் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள்.

கடற்கரைக்கு வருவோம். பத்து பெரிங்கியில் ஹோட்டல்களின் நிலத்துக்கு எல்லை உண்டு. அதைத் தாண்டிக் கடல் வரை உள்ள மணல் பெரும்பாலும் மாநில நிலம், பராமரிப்பு மாநகர் மன்றத்துடையது. நேற்று விழுந்த சில்லறையையும் மோதிரத்தையும் தேடுவதற்குக் கடற்கரை மணலைவிட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் மன்றத்துக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். எந்தக் கடற்கரை, எந்த நாட்கள், காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு ஆழம், குழியை உடனே மூடுவேன், பழம்பொருள் கிடைத்தால் தெரிவிப்பேன் என்று வரிசையாக எழுதி, அடையாள அட்டை நகலை இணையுங்கள். அரசு அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "தேட அனுமதி வேண்டும்" என்று மொட்டையாக வரும் கடிதத்துக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இடமும் நேரமும் குறித்த கடிதத்துக்குத்தான் பதில் வரும். வந்த சூராட் கெபெனாரானை, அதாவது அனுமதிக் கடிதத்தை, பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள்.

தெலுக் பஹாங்குக்கு அப்பால் உள்ள தேசியப் பூங்காவுக்குக் கருவியைக் கொண்டு போகவே கூடாது. பந்தாய் கெராச்சூட்டில் ஆமைகள் முட்டையிடுகின்றன. மணலில் நீங்கள் இறக்கும் மண்வெட்டிக்கு முட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வனக் காப்பகங்களும் அப்படியே. லைட்டே அடக்கமாகியிருக்கும் பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறை உள்பட எந்தக் கல்லறைத் தோட்டத்தையும் நினைத்தே பார்க்காதீர்கள். பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். எந்தத் திடலிலும் புல்லுக்கடியில் மின்கம்பி ஓடலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய காசு கையில் இருந்தால் போதும், தோண்டத்தான் வேண்டும் என்றில்லை என்று தோன்றினால் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்கு ஒரு காலைப் பொழுது போய் வாருங்கள்.

கேள்வி: ஐயா, என் தாத்தா பாட்டி செபராங் பிறையின் தென் பகுதியில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அவர்கள் இருந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்து இப்போது செம்பனையாகிவிட்டது. என் மகனுக்குப் பதினைந்து வயது. பாட்டி வாழ்ந்த இடத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அனுமதிக்கலாமா? யாரைக் கேட்பது?
– நிபோங் திபால் வாசகி

பதில்: அம்மா, உங்கள் மகன் கேட்டிருப்பது இந்தக் கடிதக் கட்டிலேயே மிகப் பெரிய விஷயம். முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன்: தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். நிலம் கைமாறியிருந்தால் புதிய கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். மகனோடு நீங்களோ உங்கள் கணவரோ கட்டாயம் போக வேண்டும். குலை வெட்டும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீண்ட பதில்.

என் அம்மா பிறந்ததும் அந்தப் பக்கத்து லயம் ஒன்றில்தான். அந்த மாவட்டம் ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த தமிழர்கள் கலிடோனியா போன்ற தோட்டங்களில் கரும்பு வெட்டினார்கள். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது; கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. துரைமாரின் பங்களாக்களுக்குப் படம் இருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது. லயத்துக்கு என்ன இருக்கிறது? எத்தனை கதவு, எந்தப் பக்கம் கிணறு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எங்கே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே என்று யார் எழுதி வைத்தார்கள்? நான் அளவைத் துறையில் எத்தனையோ பழைய தோட்ட வரைபடங்களைத் தொட்டிருக்கிறேன். பல படங்களில் லயம் ஒரு சின்னச் சதுரம். சிலவற்றில் அதுவும் இல்லை.

2011இல் அம்மா பிறந்த தோட்டத்தில் தேட எனக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே வேறொரு பழைய தோட்டத்தில், ஒரு நண்பரின் வாய் வார்த்தையை நம்பி, கடிதமில்லாமல் இறங்கினேன். இரண்டு மாலைகளில் பதினான்கு காசுகள் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மைலோ டின்னில் போட்டேன். மூன்றாம் நாள் காவலாளி பிடித்து அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்றார். மேலாளர் இளைஞர், திட்டவில்லை. "இவை எங்கே எங்கே கிடைத்தன, காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டார். என்னால் ஒரு காசுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை. அளவைத் துறையில் வேலை பார்த்தவன், ஓர் அங்குலம் தவறினால் திரும்ப அளக்கிறவன், பதினான்கில் ஒன்றுக்கும் இடம் சொல்ல முடியாமல் நின்றேன். அந்த டின்னை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் காசுகள் இன்று யாரிடம் இருந்தாலும் அவை வெறும் செம்பு. அவற்றுக்கு ஊர் இல்லை, வீடு இல்லை.

அம்மாவின் தோட்டத்துக்குப் போனபோது அந்தத் தவற்றைச் செய்யவில்லை. செம்பனை வரிசைகளையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மரங்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருப்பதால் "ஆறாவது வரிசை, பதினோராவது மரத்திலிருந்து வடக்கே நான்கு அடி" என்று எழுதினால் போதும். கிடைத்தவை பெரிய பொருள்கள் இல்லை. ஆணிகள், தகரம், பால் கத்தியின் தேய்ந்த முனை, ஒரு குத்துவிளக்கின் திருகு, 1919க்குப் பிறகு அடிக்கப்பட்ட சதுர வெண்கல ஒரு சென் காசுகள் ஏழு, ஒரு குழந்தையின் பித்தளைத் தண்டை. நான்கு வாரக் கடைசிகள். ஆணிகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தபோது, அவை நீளமாக ஒரு கோடு போட்டன. குறுக்கே கிட்டத்தட்டப் பத்தடிக்கு ஒரு கொத்து. லயத்தின் கதவுகள்!

அந்தப் படத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது அவருக்கு 82 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்தாவது கொத்தில் நிறுத்தி, "இது எங்கள் கதவு" என்றார். பக்கத்துக் கதவில் யார், எதிரே யார், யார் வீட்டுப் பிள்ளை தண்டை தொலைத்ததற்கு அடி வாங்கியது என்று அன்று முழுவதும் பேசினார். ஐம்பது ஆண்டுகளாக அவர் சொல்லாத பெயர்கள் அவை. நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒவ்வொரு படி கொடுத்தேன்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு அம்மா. கோட்டைக்கு வேலி உண்டு, யுனெஸ்கோ உண்டு, காவலர் உண்டு. லயம் இருந்த மண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே போய் மண்ணைக் கிளறுகிறவர் குறித்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் அது அந்த நிமிடத்தோடு போயிற்று. உங்கள் மகன் கையில் கருவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகமும் ஐம்பது அடி டேப்பும் வாங்கிக் கொடுங்கள். முதல் நாள் தோண்டவே விடாதீர்கள். நடந்து பார்க்கட்டும், லயம் இருந்த இடத்தில் இன்னும் ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ காட்டுத்தனமாக வளர்ந்து நிற்கும். பாட்டி இருந்தால் அவரையும் நாற்காலியோடு கூட்டிப் போங்கள். கோயில் இருந்த இடம் தெரிந்தால் அங்கே மட்டும் கருவியை வைக்க வேண்டாம். அது பழைய பக்தர்களுடைய இடம், அவர்கள் குடும்பங்கள் ஏதோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இன்னும் இருக்கின்றன.

காசுகளில் 1845 என்ற ஆண்டோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் தெரிந்தாலோ, வெள்ளி கொத்தாகக் கிடைத்தாலோ கையை எடுத்துவிட்டு, இடத்தைப் படம் எடுத்து, நிர்வாகத்துக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அன்றே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நண்பர்கள் சிலர் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் மெட்டல் டிடெக்டரோடு போகலாம் என்கிறார்கள். கடாரம் நம் முன்னோர் தொடர்புள்ள பூமி. நம் முன்னோர் பொருளை நாம் எடுத்தால் என்ன தவறு?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: போகாதீர்கள். நண்பர்களையும் தடுத்து நிறுத்துங்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

1025இல் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டு வென்றவர் பக்கம் நின்று பேசுகிறது. அந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள், யார் இரும்பு உருக்கினார்கள், யார் கோயில் கட்டினார்கள் என்பதைச் சொல்ல மண் ஒன்றுதான் இருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சமும் களிமண் ஊதுகுழல்களும் கசடும் வெளிவந்திருக்கின்றன. அந்தக் கசட்டில் உள்ள இரும்புக்கே உங்கள் கருவி ஓயாமல் கத்தும். நீங்கள் ஏமாற்றத்தோடு தூக்கி எறிகிற ஒவ்வொரு கட்டியும் ஓர் ஆய்வாளருக்கு உலையின் இடத்தையும் காலத்தையும் சொல்லக்கூடியது.

2013இல் அங்கே பதினோராம் எண் சண்டியை (பழங்கோயிலை), ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற செங்கல் அடித்தளத்தை, வீடமைப்பு வேலைக்காக இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்டார்கள். செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. நாடு முழுவதும் தமிழர்கள் கொதித்தார்கள். இயந்திரத்தால் ஒரே நாளில் செய்தால் கொதிக்கிறோம். கைக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் முன்னோர் சொத்து என்கிறோமா?

மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போங்கள். பட்டர்வொர்த்திலிருந்து இன்னும் பக்கத்தில், கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் குவார் கெப்பா இருக்கிறது. அங்கே 2017இல் "பினாங்குப் பெண்" என்று அழைக்கப்படும் புதிய கற்கால எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. சிப்பிக் குவியலுக்கு நடுவே, வைத்தவர்கள் வைத்த நிலையிலேயே கிடைத்ததால்தான் அவளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்தது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கருவி காட்டிய இடத்தில் துருப்பிடித்த துப்பாக்கிக் குண்டுகள் ஐந்தாறு கிடைத்தன. கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். சட்டப் பிரச்சினை வருமா?
– பத்து மாவுங் வாசகர்

பதில்: வரும். வெடிக்காத தோட்டா என்றால் எவ்வளவு பழையதானாலும் தோட்டாதான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி வைத்திருக்க முடியாது. உங்கள் வட்டாரத்தில் பிரிட்டிஷார் 1930களில் கட்டிய கோட்டை இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இந்தத் தீவின் மேல் குண்டு போட்டார்கள். மண்ணுக்குள் இன்னும் பெரியவையும் இருக்கலாம்.

இனிக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், காரிலோ பஸ்ஸிலோ காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் 999ஐ அழைத்துச் சொல்லுங்கள்; அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். குண்டு எடுத்த மேட்டில் இனிக் கருவியை வைக்கவே கூடாது. நீண்ட உருளை வடிவில், துருவேறி, கனமாக எதையாவது பார்த்தால் மண்ணைக்கூடத் தட்டாமல் விலகி வந்துவிடுங்கள்.

கேள்வி: உலர்ந்த மணலில் அமைதியாக இருக்கும் என் கருவி, அலை வந்து போகும் ஈர மணலில் நிறுத்தாமல் கத்துகிறது. பழுதா?
– தஞ்சோங் பூங்கா வாசகர்

பதில்: பழுதில்லை. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் மலிவான கருவிகள் ஈர உப்பு மணலையே உலோகம் என்று நினைத்துவிடும். உணர்திறனைக் குறையுங்கள், கருவியின் அடியிலுள்ள வட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உலர்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள். பாய் விரித்து உட்காரும் இடம் அதுதானே, சில்லறை விழுவதும் அங்கேதான். பான டின்னின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் ஒரே குரலில் பேசும். எனவே வளையத்தைத் தோண்டச் சலித்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக் குப்பையில் போடுங்கள். கடற்கரையைச் சுத்தமாக விட்டு வருகிறவருக்கு அடுத்த ஆண்டு அனுமதி கேட்பது எளிது.

கேள்வி: மாசி மகம் முடிந்த மறுநாள் தெலுக் பஹாங் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தேன். மணலுக்குள் ஒரு விரல் ஆழத்தில், அறுந்த மஞ்சள் கயிற்றோடு தாலிக் குண்டுகளும் ஒரு லட்சுமிக் காசும் கிடைத்தன. தங்கம் என்று நகைக்கடையில் சொன்னார்கள். இரண்டு வாரமாக வீட்டுச் சாமி அறையில் இருக்கின்றன. மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?
– பினாங்கு வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

பதில்: மனம் ஒப்பாதது சரியே. இது புதையல் இல்லை. ஒரு பெண் தொலைத்தது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழியிருந்தும் முயலாமல் பொருளைத் தன்னுடையதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் குற்றம். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்து வைத்திருப்பது குற்றமாகாது. இரண்டு வாரமாக நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். எடை, கிடைத்த நாள், நேரம், எந்த இடத்துக்கு நேரே என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு சிங்கமுகக் காளியம்மன் கோயில் அலுவலகத்துக்குப் போங்கள். மாசி மகத்துக்கு வந்தவர்களில் யாராவது அங்கே வந்து அழுதிருப்பார்கள், யாராவது அதைக் கேட்டிருப்பார்கள். கோயில் பலகையிலும் உங்களுக்குத் தெரிந்த மாதர் சங்கத்திலும் அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள்.

அறிவிப்பில் "தெலுக் பஹாங் கடற்கரையில் தாலி உருப்படிகள் கிடைத்துள்ளன" என்று மட்டும் இருக்கட்டும். குண்டு எத்தனை, காசில் லட்சுமி நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா, கயிறு எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது என்பதை எழுதாதீர்கள். தேடி வருகிற அம்மா கேட்காமலே அதைச் சொல்வார்.